1,500 வாட் என்று எழுதி 1,040 வாட் தரும் ஏர் ஃபிரையர்

ஈரோடு,
24.11.2025

அனுப்புநர்: ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு. (பெயர், முகவரி, கைப்பேசி எண் எல்லாம் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன.)

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

பொருள்: 18.10.2025 அன்று வாங்கிய 4 லிட்டர் ஏர் ஃபிரையரில் சூடு போதாமை; சரிசெய்யாமலே புகாரை முடித்தது; அட்டைப்பெட்டியில் உள்ள தவறான வாசகம் தொடர்பாக.

ஐயா / அம்மா,

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஈரோட்டில் ஒரு கடையில் உங்கள் நிறுவனத்தின் ஏர் ஃபிரையரை ரூ.6,490 கொடுத்து வாங்கினேன். எனக்கு ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிறது. எண்ணெய்ச் சட்டி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வயிற்றுப் பேத்தி சனிக்கிழமை தவறாமல் வருவாள். வந்ததும் ஃபிரைஸ் வேண்டும். கடையில் செய்து காட்டிய தம்பி ஒரு கைப்பிடி ஃபிரைஸைக் கூடையில் போட்டு, 12 நிமிடத்தில் மொறுமொறுவென்று எடுத்துக் கொடுத்தார். பேத்தி நாலைந்தைத் தின்றுவிட்டு, "அப்புச்சி, இதையே வாங்கிக்கலாம்" என்றாள். வாங்கிவிட்டேன்.

அந்தத் தம்பி போட்டது பாக்கெட்டில் வரும் உறைந்த ஃபிரைஸ் என்பது பிறகுதான் உறைத்தது. அது ஆலையிலேயே எண்ணெயில் அரைப்பொரியலாகப் பொரித்து உறைய வைத்தது. மிச்சம் இருக்கிற அரை வேலையை எந்த மிஷினும் செய்துவிடும். வீட்டில் வெட்டுகிற பச்சைக் கிழங்கு அப்படியல்ல, அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். உங்கள் கையேட்டில் இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

என் பக்கத்துத் தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஃபிரிட்ஜில் பத்து நாள் கிடந்த கிழங்கைப் போட்டேன். குளிரில் கிடந்தால் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். மொறுமொறுப்பு வருவதற்கு முன்பே வெளிப்பக்கம் கருகும். அது மிஷினின் குற்றம் இல்லை. அதனால் அந்த முதல் தடவையைப் புகாரில் சேர்க்கவில்லை.

அடுத்த நான்கு சனிக்கிழமையும் முறையாகவே செய்தேன். உழவர் சந்தையில் வாங்கிய ஊட்டிக் கிழங்கு, சுண்டுவிரல் பருமனில் ஒரே அளவாக வெட்டியது. மாவு போக இரண்டு தண்ணீர் அலசி, அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் பரப்பி ஒற்றி எடுத்தேன். கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகுதான் ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டுப் பிசிறினேன். உப்பை முன்னாடியே போட்டால் தண்ணீர் விடும் என்று கடைசியில்தான் தூவினேன். ஒரு தடவைக்கு 400 கிராமுக்கு மேல் போடவில்லை. 180 டிகிரியில் 12 நிமிடம், நடுவில் ஒரு குலுக்கு, அப்புறம் 200 டிகிரியில் 8 நிமிடம்.

வெளியே வந்ததை எப்படிச் சொல்வது? நுனி மட்டும் பழுப்பு, உடம்பெல்லாம் வெளுப்பு. ஒன்றை எடுத்துக் குறுக்கே பிடித்தால் இரண்டு பக்கமும் தலை தொங்குகிறது. கூடையைத் திறக்கும்போது குக்கர் மூடியைத் திறந்தது போல மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது. வீட்டம்மா ஒன்றை வாயில் போட்டுவிட்டு, "ஏனுங்க, இதுக்குப் பேசாம குக்கர்லயே வெச்சிருக்கலாமுங்க" என்றாள். பேத்தி ஒன்றும் சொல்லவில்லை, சாஸை மட்டும் நக்கினாள்.

புகார் கொடுத்த மூன்றாம் நாள், 14.11.2025 அன்று, சர்வீஸ் சென்டரிலிருந்து ஒருவர் வந்தார். காலிக் கூடையை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே கையை நீட்டி, "சூடு நல்லா வருதுங்க சார்" என்றார். கிழங்கைப் போட்டுப் பாருங்கள் என்றேன். நேரமில்லை என்றார். கடைசியில், "உங்க லைன்ல வோல்டேஜ் கம்மிங்க, அதான்" என்று முடித்தார். இதை மின்வாரியத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவனிடம் சொன்னார்! பில் போடத்தான் என்று கேட்டு என் கைப்பேசிக்கு வந்த ஓடிபியை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் உங்களிடமிருந்து செய்தி வருகிறது: "உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." ஜாப் ஷீட்டில் "வாடிக்கையாளருக்கு உபயோகிக்கும் முறை விளக்கப்பட்டது" என்று இருக்கிறது.

சரி, வோல்டேஜைப் பார்த்துவிடுவோம் என்று அன்றே மீட்டரை எடுத்தேன். ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃபேஸ் ஒயரைத் தனியாகப் பிரித்து, ஒயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி, ஹீட்டர் எரியும்போது அளந்தேன். 16 ஆம்பியர் பவர் பிளக்கில், மிஷின் ஓடும்போது 226 வோல்ட். இழுத்த கரண்ட் 4.6 ஆம்பியர். பெருக்கினால் சுமார் 1,040 வாட். மிஷினின் அடியில் நீங்கள் ஒட்டியிருப்பது 230 வோல்ட், 1,500 வாட். அந்தக் கணக்குக்கு 6.4 ஆம்பியராவது வர வேண்டும். ஒரு பேச்சுக்கு என் வீட்டில் 200 வோல்ட்தான் வருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 1,500 வாட் ஹீட்டர் 1,130 வாட்டுக்குக் குறையாது. லைனில் குறை இல்லை. சின்ன மாடலுக்கான ஹீட்டர் காயிலை இதில் மாட்டி அனுப்பிவிட்டீர்களோ என்பது என் சந்தேகம்.

மகள் கேக் சுடுவதற்கு வைத்திருக்கும் ஓவன் தெர்மாமீட்டரையும் கூடையில் வைத்துப் பார்த்தேன். காலியாக ஓடினால் முள் 200-ஐத் தொடுகிறது. 400 கிராம் கிழங்கு விழுந்ததும் 150-க்கு இறங்குகிறது. அப்புறம் ஏறவே இல்லை. கிழங்கின் மேல்தோலில் உள்ள தண்ணீர் வேகமாக ஆவியாகிப் போனால்தான் அது காய்ந்து மொறுமொறுப்பாகும். சூடு மந்தமாக இருந்தால் உள்ளிருந்து வரும் தண்ணீருக்கும் வெளியேறும் ஆவிக்கும் சரியாகிப் போய், கிழங்கு அதன் ஆவியிலேயே வெந்துவிடுகிறது. உங்கள் மெக்கானிக் காலிக் கூடையைப் பார்த்துத் திருப்தி அடைந்ததும் இதனால்தான்.

எதிர் வீட்டில் வேறு கம்பெனியின் 1,500 வாட் ஏர் ஃபிரையர் இருக்கிறது. 22.11.2025 அன்று ஒரே கிழங்கு, ஒரே துணி, ஒரே எண்ணெய், 400 கிராமாக இரண்டு பங்கு. ஒன்றை அங்கே கொடுத்துவிட்டு, இன்னொன்றை இங்கே போட்டேன். அவர்கள் மிஷின் 6.4 ஆம்பியர் இழுத்தது. அங்கிருந்து வந்த தட்டு ஐந்து நிமிடத்தில் காலி. நம்முடையது ராத்திரி பொரியலாகத் தாளிக்கப்பட்டது. கிழங்கின் மேலோ, செய்தவன் மேலோ பழி போட இனி இடமில்லை.

இன்னொரு விஷயம். அட்டைப்பெட்டியில் "ஒரே தடவையில் 1 கிலோ மொறுமொறு ஃபிரைஸ்" என்று போட்டு, கூடை வழிய வழியப் படமும் போட்டிருக்கிறீர்கள். 4 லிட்டர் கூடையில் 1 கிலோ பச்சைக் கிழங்கு ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் குவியும், காற்று புகுந்து சுற்ற வழியே இருக்காது. எதிர் வீட்டு மிஷினிலும் போட்டுப் பார்த்தோம். 30 நிமிடம் ஆகியும் நடுவில் இருந்தது அவிந்தே கிடந்தது. அந்த வாசகம் தெரிந்து எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தனியாகவே விளக்கம் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். முடித்ததாகக் காட்டியிருக்கும் புகாரை மறுபடி திறந்து, 1,500 வாட் இழுக்கும் வேறு மிஷினைத் தாருங்கள், இல்லையென்றால் ரூ.6,490-ஐத் திருப்பிக் கொடுங்கள். ஹீட்டரை மட்டும் மாற்றுவதானால் என் கண்ணெதிரில் அளந்து காட்ட வேண்டும். அட்டைப்பெட்டி வாசகத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வைக்க வேண்டியதில்லை. எனக்கும் ஓய்வு நேரம் நிறைய இருக்கிறது.

ரசீது, ஜாப் ஷீட் நகல்கள், மீட்டர் அளவுகளின் படங்கள், இரண்டு தட்டுகளும் அருகருகே உள்ள படம் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

அடுத்த முறை ஆளை அனுப்பும்போது சனிக்கிழமையாகப் பார்த்து அனுப்புங்கள். கிழங்கு நறுக்கி ஊற வைத்திருப்பேன். கிளாம்ப் மீட்டரை மட்டும் அவர் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்