சம்பளத்தைச் சொன்னீர்கள், எத்தனை நாள் என்று சொல்லவில்லை

மதிப்புக்குரிய தொழில் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாயிலிருந்து 1,550 ஆகும், அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 ரூபாயும் சேரும் என்று 2026 வரவு செலவுத் திட்டத்தில் உங்கள் அரசு அறிவித்தது. நன்றி. ஆனால் மாதத்தில் எத்தனை நாள் வேலை தரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு வேலை இல்லை என்று தோட்டமே திருப்பி அனுப்பினால் எந்த வருகைக்குக் கொடுப்பனவு?

நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோதும் இதுதான் நடந்தது. 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது, தோட்டக் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் செய்துவந்த கூட்டு ஒப்பந்தம் போனது. சில வாரங்களில் இரசாயன உரத்துக்குத் தடை. மலையில் கொழுந்து குறைந்தது, தராசில் கேட்ட கிலோ குறையவில்லை. அம்மா அட்டைக்கடியோடு மாலை வரை நின்றும் தோட்டம் கேட்ட 18 கிலோ சேராத நாட்கள் எத்தனையோ. அன்றைக்கெல்லாம் அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். பிறகு அதுவும் போய், வாரத்தில் பாதி நாள் கைக்காசு என்றானது. எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு. செக்ரோல் என்ற தோட்டத்து வருகைப் பதிவேட்டில் பேர் இல்லை, சேமலாப நிதி இல்லை. 2022 இல் கோதுமை மா கிலோ 300 ரூபாயைத் தாண்டியபோது, இரவு ரொட்டியைத் தம்பிக்கு வைத்துவிட்டு அம்மா வெறும் தேத்தண்ணியோடு படுத்தார். விடிந்தால் மறுபடி மலை.

நெருக்கடி நாட்டுக்கே பொது என்றார்கள். அந்த ஜூனில் வீட்டுத்தோட்டம் செய்ய அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கிடைத்தது. அதை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் சம்பளமே போகும். பயிரிட, நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தின் வாசலைத் தவிர நிலமும் இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை இழந்த எங்கள் பிள்ளைகளும் அந்த லயத்துக்கே திரும்பி வந்தார்கள். நெருக்கடிக்கு முன்பே, 2019 இல், நகரத்தில் வறுமை 6 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம் என்று தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் கணக்குக் காட்டியது. அதைப் படித்த பிறகும் எங்களைத்தான் முதலில் கைவிட்டார்கள். 2023 இல், எங்கள் முன்னோர் மலையகத்துக்கு வந்து 200 வருடம் என்று மேடையேறிப் பேசாத அரசியல்வாதி இல்லை. லயத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது, காணி உறுதிக்கு இன்னும் காத்திருக்கிறோம், எத்தனை ஆட்சி மாறினாலும்...

மன்னிக்க வேண்டும் ஐயா, கோபம் வேறு பக்கம் இழுத்துவிட்டது. கேட்க வந்தது நாள் கணக்கை. மாதத்துக்குக் குறைந்தது இத்தனை நாள் வேலை என்று வர்த்தமானியில் எழுதுங்கள். வேலைக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அந்த நாளுக்கும் தோட்டம் சம்பளம் தரட்டும். கைக்காசு நாளும் செக்ரோலில் ஏறட்டும், சேமலாப நிதி வெட்டப்படட்டும். தொழில் அதிகாரிகள் தோட்டத்துக்கு வந்து, துரை என்ற தோட்ட முகாமையாளரின் அலுவலகத்தோடு நின்றுவிடாமல், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களிடமே விசாரிக்கட்டும்.

சம்பள நிர்ணய சபை அடுத்த முறை கூடும்போது, தொகைக்கு முன்னால் நாள் கணக்கைப் பேச ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கொழுந்து பறிக்கும் தாயின் மகள்,
ஹட்டன்