ரௌட்டர் ஏற்றுமதிக்கு எச்எஸ் எண் மட்டும் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணு ஏற்றுமதி என்றாலே ஸ்ரீபெரும்புதூர் கைப்பேசி ஆலைகளைப் பற்றித்தான் செய்தி வருகிறது. அம்பத்தூரிலும் கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் ரௌட்டர், ஃபயர்வால் (நெட்வொர்க் பாதுகாப்புக் கருவி), விபிஎன் கருவி (இணையம் வழியே பூட்டிய தனித் தடம் அமைப்பது), அவற்றுக்கான மென்பொருள் ஆகியவற்றைச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களும் இருக்கின்றன. இவர்களுடைய சரக்கு மீனம்பாக்கம் ஏர் கார்கோவில் நின்றுபோவதற்கு ஒரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: குறியாக்கம் (தரவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது) உள்ள பொருளுக்கு ஏற்றுமதி அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே பார்க்காதது. அதைத் தடுக்க வேண்டிய இடம் ஏர் கார்கோ அல்ல, விலைப்புள்ளி போடும் மேசை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ரௌட்டருக்கு 8517 62 என்ற எச்எஸ் தலைப்பைப் போட்டு, வரி விவரம் பார்த்து, ஷிப்பிங் பில் தயாரித்ததும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த எண் சுங்க வகைப்பாட்டுக்கு மட்டும்தான். ஏற்றுமதிக்கு முன் அனுமதி வேண்டுமா என்பதை முடிவு செய்வது ஸ்கோமெட் பட்டியல், அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருட்களுக்கான இந்திய அரசின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். ஒரே எச்எஸ் தலைப்பில் வரும் இரண்டு பெட்டிகளில் ஒன்றுக்கு அனுமதி வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்பது சாதாரணமாக நடக்கும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டெக் (தொலைத்தொடர்புப் பொறியியல் மையம்) சான்றிதழையும் வயர்லெஸ் பொருளுக்கான இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றையும் எடுத்துக் காட்டிப் பயனில்லை. அவை உள்நாட்டு விற்பனைக்கும் இறக்குமதிக்குமானவை.

2017 டிசம்பரில் இந்தியா வாசனார் உடன்பாட்டில் (இத்தகைய பொருட்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பல நாட்டு ஏற்பாடு) சேர்ந்தது. அதே ஆண்டில் வந்த ஸ்கோமெட் 8ஆம் பிரிவு வாசனார் பட்டியலையே அடியொற்றியது. அதில் 8ஏ5 பகுதி 1 தொலைத்தொடர்பு, பகுதி 2 தகவல் பாதுகாப்பு. குறியாக்கம் உள்ள நெட்வொர்க் கருவி எதுவானாலும் முதலில் பகுதி 2ஐப் புரட்ட வேண்டும். அங்குள்ள வரம்புகள் மிகத் தாழ்ந்தவை. ஒரே சாவியால் பூட்டித் திறக்கும் முறையில் 56 பிட்டுக்கு மேல், இரட்டைச் சாவி முறைகளான ஆர்எஸ்ஏ வகையில் 512 பிட்டுக்கு மேல், எலிப்டிக் கர்வ் வகையில் 112 பிட்டுக்கு மேல் போனால் பொருள் கட்டுப்பாட்டு எல்லைக்குள் வந்துவிடும். பழைய டெஸ் முறை மட்டும் சரியாக 56இல் நின்று தப்பிக்கும். இன்று யாரும் விற்கும் ஏஇஎஸ்-128 (ஒரே சாவி), ஆர்எஸ்ஏ-2048, பி-256 (எலிப்டிக் கர்வ்) எல்லாமே வரம்பைத் தாண்டியவை. குவாண்டம் கணினியைத் தாங்கும் என்று சொல்லிச் சேர்க்கப்படும் லாட்டிஸ் வகை அல்காரிதங்களுக்கு பிட் வரம்பே இல்லை, இருந்தாலே கணக்கில் சேரும். ஆகவே ‘எங்களுடையது சாதாரணக் குறியாக்கம்தான்’ என்ற வாதம் செல்லாது. கேட்க வேண்டியது, அந்தக் குறியாக்கம் எந்த வேலைக்கு என்பதை.

ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். இரண்டு வான் (வெளி இணைய) போர்ட், நான்கு லான் (உள் நெட்வொர்க்) போர்ட் உள்ள ரௌட்டர். கென்யாவில் உள்ள ஒரு வங்கியின் கிளைகளுக்கு 40 எண்ணம் கேட்டு ஆர்டர் வருகிறது. பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது ஃபர்ம்வேரில் (கருவிக்குள் பதிந்த மென்பொருளில்) குறியாக்கம் எங்கெங்கே ஓடுகிறது என்பது. எஸ்எஸ்எச்சில் நுழைந்து கான்ஃபிகரேஷன் மாற்றவும், எச்டிடிபிஎஸ் நிர்வாகப் பக்கத்துக்கும், எஸ்என்எம்பி வி3 கண்காணிப்புக்கும் மட்டும் அது பயன்பட்டால், கருவியை இயக்கிப் பராமரிக்கும் வேலைக்கான விலக்கு பொருந்தும். கடவுச்சொல் சரிபார்ப்பு, டிஜிட்டல் கையொப்பம் போன்ற அடையாள உறுதிப்பாடும் கணக்கில் சேராது. ஆனால் அதே பெட்டியில் கிளைக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையே ஐபிசெக் சுரங்கம் (விபிஎன் தடம்) ஓடி, வாடிக்கையாளரின் தரவு ஏஇஎஸ்-256இல் பூட்டப்பட்டுப் போகிறது என்றால் அந்த விலக்கு போயிற்று. பெட்டியின் முதன்மை வேலையே நெட்வொர்க்கிங் என்பதால், குறியாக்கம் துணை அம்சம்தான் என்று சொல்லியும் தப்ப முடியாது.

அடுத்தது மாஸ் மார்க்கெட் விலக்கு, அதாவது எல்லோரும் வாங்கும் சில்லறைச் சரக்குக்கான விலக்கு. இதைத்தான் அதிகம் பேர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ரிச்சி தெருவில் யார் வேண்டுமானாலும் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் வீட்டு வைஃபை ரௌட்டருக்கு இது பொருந்தும். கடையிலோ இணையத்திலோ தடையின்றி இருப்பிலிருந்து விற்க வேண்டும். பயனாளர் தாமே பொருத்திக்கொள்ளும்படி இருக்க வேண்டும். குறியாக்கத்தை அவர் எளிதில் மாற்ற முடியக் கூடாது. விலையும் முக்கிய அம்சங்களும் விற்பவரைக் கலந்து பேசாமலே தெரிய வேண்டும், விலை மட்டும் கேட்பது கலந்து பேசுவது ஆகாது. நம் 40 பெட்டிகளோ விலைப்புள்ளி கேட்டு, பேரம் பேசி, பொறியாளர் போய்ப் பொருத்தி, வங்கிக்கென்று ஃபர்ம்வேரை மாற்றிக் கொடுக்கும் சரக்கு. இணையதளத்தில் படம் போட்டிருப்பதால் அது சில்லறைச் சரக்கு ஆகிவிடாது.

‘அல்காரிதம் நாங்கள் எழுதியதே இல்லை, ஓப்பன் எஸ்எஸ்எல்தான், ஸ்ட்ராங்ஸ்வான்தான்’ என்று பொதுவெளி நிரல்களைக் காட்டுவது இன்னொரு பதில். பொதுவெளியில் கட்டுப்பாடின்றிக் கிடக்கும் மூலநிரலுக்கு விலக்கு உண்டு. அதை எடுத்து மூடிய ஃபர்ம்வேருக்குள் தொகுத்து, பெட்டியோடு விற்கும்போது, விற்கப்படுவது உங்கள் பொருள். அது பொதுவெளியில் இல்லை.

லைசென்ஸ் கீ (ஓர் அம்சத்தைத் திறந்துவிடும் குறியீடு) விஷயம் பலர் கண்ணில் படுவதே இல்லை. குறியாக்கத்தைத் தூங்க வைத்து ‘பேசிக்’ பெட்டியாக அனுப்பிவிட்டு, பிறகு கீ கொடுத்து எழுப்புவது வழக்கம். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியான, போலி செய்ய முடியாத கீ இருந்தால்தான் எழுப்ப முடியும் என்றால், தூங்கும் பெட்டி கட்டுப்பாட்டுக்கு வெளியே நிற்கலாம். ஆனால் அப்போது அந்தக் கீயே கட்டுப்பாட்டுப் பொருள். அதை மின்னஞ்சலில் அனுப்புவது ஏற்றுமதி. ஒரு மெனுவில் டிக் போட்டாலே விபிஎன் எழுந்துவிடும் என்றால் பெட்டி தூங்கியதாகவே கணக்கில்லை. விற்பனைப் பிரிவு சகட்டுமேனிக்குக் கீ அனுப்பிக்கொண்டிருக்க, ஏற்றுமதிப் பிரிவு பெட்டியை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது நல்ல வேடிக்கை.

கீ மட்டுமல்ல. வடிவமைப்பு ஆவணத்தை மின்னஞ்சலில் அனுப்புவது, வெளிநாட்டுக் கூட்டாளிக்கு கிட் களஞ்சியத்தை (மூலநிரல் சேமிப்பிடத்தை) திறந்துவிடுவது, கிளவுடில் இருக்கும் ஃபர்ம்வேரை அங்கிருந்து இறக்க விடுவது எல்லாமே தொழில்நுட்பம் நாட்டைத் தாண்டும் வழிகள். 1992ஆம் ஆண்டு வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தில் 2010இல் சேர்ந்த 4ஏ அத்தியாயம் பொருளோடு சேவையையும் தொழில்நுட்பத்தையும் பேசுகிறது. துபாய் கண்காட்சிக்குக் கைப்பையில் எடுத்துப்போகும் டெமோ பெட்டியும், பழுதென்று திரும்பி வந்து சரிசெய்து மறுபடி அனுப்பும் பெட்டியும் இதற்கு வெளியே இல்லை.

பட்டியலில் வருகிறது என்று தெரிந்துவிட்டால் விண்ணப்பம் டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) இணையதளம் வழியே போகும். நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்கோமெட் கோப்பு டெல்லித் தலைமையகத்தில் பல அமைச்சகங்கள் சேர்ந்த குழுவின் முன்னால் வைக்கப்படுகிறது. ஆகவே வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கும் டெலிவரி தேதியில் அந்தக் காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தாமத அபராத ஷரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அனுமதிக்கு ஓடுவது தலைகீழ் வேலை.

கோப்பு திரும்பி வருவதில் பெரும்பங்கு இறுதிப் பயனாளர் சான்றிதழால்தான். நம் உதாரணத்தில் அது வங்கியின் லெட்டர்ஹெட்டில், வங்கியில் அதிகாரம் உள்ளவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். நைரோபி விநியோகஸ்தர் தாமே இறுதிப் பயனாளர் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கேள்வி நிச்சயம். பர்ச்சேஸ் ஆர்டரில் 40, சான்றிதழில் 42 என்று உதிரிப் பெட்டி இரண்டைச் சேர்த்து எழுதுவது, மாடல் எண்ணின் கடைசி எழுத்தை விட்டுவிடுவது, முகவரி என்று தபால் பெட்டி எண்ணை மட்டும் கொடுப்பது, எதற்குப் பயன் என்ற இடத்தில் ‘வணிகப் பயன்’ என்று இரண்டே சொல்லில் முடிப்பது ஆகியவை வழக்கமான குறைகள். ‘வங்கிக் கிளைகளையும் தரவு மையத்தையும் இணைக்கும் விபிஎன்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

கூடவே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு வேண்டும். விளம்பரத் தாள் அதற்கு உதவாது. எந்த அல்காரிதம், எத்தனை பிட் சாவி, எந்த நெறிமுறை, எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு, சாவி எங்கே உருவாகி எங்கே சேமிக்கப்படுகிறது, பயனாளர் எதை மாற்ற முடியும், குறியாக்கத்தோடு எத்தனை எம்பிபிஎஸ் என்று இரண்டு பக்கத்தில் பொறியாளரே எழுத வேண்டும். கஸ்டம்ஸ் ஏஜென்ட் எழுதித் தருவார் என்று விடக் கூடாது. ஷிப்பிங் பில்லோடு போகும் ‘ஸ்கோமெட் அல்ல’ என்ற உறுதிமொழியை அவர் வேறொரு கம்பெனியின் பழைய கடிதத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. கையெழுத்தோ உங்களுடையது.

ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அனுமதி என்ற நிலை இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தொலைத்தொடர்புப் பொருளுக்கு ஜிஏஇடி, தகவல் பாதுகாப்புப் பொருளுக்கு ஜிஏஇஐஎஸ், ஒரே குழும நிறுவனங்களுக்குள் பரிமாற ஜிஏஐசிடி என்று பொது அனுமதிகள் வந்திருக்கின்றன. அடிக்கடி அனுப்புகிறவர்கள் இவற்றைப் பார்க்காமல் இருப்பது வீண் அலைச்சல். ஆனால் எந்தப் பொருள், எந்த நாடு என்ற நிபந்தனைகளும் அனுப்பிய பின் கணக்குக் கொடுக்கும் கடமையும் உண்டு. அந்தக் கணக்கைக் கொடுக்க மறந்தால் சலுகையே கைவிட்டுப் போகும்.

அமெரிக்கச் சட்டம் தனி. அங்கிருந்து வாங்கிய ஃபயர்வாலை நேபாளத்துக்கோ இலங்கைக்கோ மறுவிற்பனை செய்தால் அது அவர்கள் கணக்கில் மறு ஏற்றுமதி. சப்ளையரிடம் இசிசிஎன் எண்ணை (அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு வகை எண்ணை) எழுத்தில் வாங்குங்கள். 5ஏ992.சி என்றால் மாஸ் மார்க்கெட், பெரும்பாலும் சுலபம். 5ஏ002 என்றால் எந்த விதிவிலக்கில் போகலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இங்கே செய்த பெட்டியிலும் அமெரிக்கப் பாகங்களின் மதிப்பு பொதுவாக 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தச் சட்டம் தொடும். ஈரான், வடகொரியா, கியூபா போன்ற நாடுகளுக்கு வரம்பு 10 விழுக்காடு. குறியாக்கப் பாகங்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. வாங்குபவர் பெயரை அவர்களுடைய தடைப் பட்டியல்களில் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். தேடிய பக்கத்தைத் தேதியோடு சேமித்து வையுங்கள். ஆவணங்களை இந்தியச் சட்டப்படியும் அமெரிக்கச் சட்டப்படியும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலில் இல்லாத பொருள் என்பதாலும் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பேரழிவு ஆயுத வேலைக்குப் போகிறது என்று தெரிந்தால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பொருளையும் பிடிக்கும். பொருத்தித் தரவே வேண்டாம் என்கிற, இணையதளமே இல்லாத, டெலிவரி முகவரியாக ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியைக் காட்டுகிற வாடிக்கையாளரிடம் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பது நல்லது.

எங்கள் கோரிக்கை இரண்டு. டிஜிஎஃப்டியின் சென்னை அலுவலகமும் ஃபியோவின் (இந்திய ஏற்றுமதி அமைப்புகளின் கூட்டமைப்பின்) தென்மண்டல அலுவலகமும் சேர்ந்து, நிறுவனங்கள் தங்கள் பொருளின் தொழில்நுட்பக் குறிப்போடு வந்து உட்கார்ந்து வகைப்படுத்திப் பார்க்கும் முகாமை அம்பத்தூரிலோ கிண்டியிலோ காலாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும். மேடைப் பேச்சும் பொன்னாடையும் வேண்டாம், மேசையும் பட்டியலும் போதும். 8ஏ5 இரண்டு பகுதிகளுக்கும் உதாரணங்களுடன் தமிழில் விளக்கக் கையேடு ஒன்றையும் வெளியிட வேண்டும். பேக்கிங் பிரிவிலும் விற்பனைப் பிரிவிலும் இருப்பவர்கள் படிக்கும்படி அது எழுதப்பட வேண்டும், ஏனெனில் பெட்டியையும் கீயையும் அனுப்புகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஏற்றுமதி இணக்கப் பணியில் உள்ளோர் சிலர்,
கிண்டி, சென்னை – 32.