இஸ்தான்புல் தெருவிலும் எங்கள் தெருவிலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்கள் பற்றித் தங்கள் இதழில் வரும் வாசகர் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். “வெளிநாட்டில் எங்கேயாவது நாய் தெருவில் படுத்துக் கிடக்கிறதா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கிடக்கிறது. அண்மையில் அக்காவுடன் துருக்கிக்குச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பினேன். சிறு வயது முதலே நாய்களோடு வளர்ந்தவள் நான். இஸ்தான்புல்லில் மசூதிகளையும் அரண்மனைகளையும் எவ்வளவு ஆசையாகப் பார்த்தேனோ, அதே ஆசையோடு அங்குள்ள தெருநாய்களையும் பார்த்தேன்.

பெரும்பாலானவை ராஜபாளையம் நாயின் உயரம், அதைவிடக் கனத்த உடம்பு. தக்சிம் சதுக்கத்திலும், டிராம் ஓடும் இஸ்திக்லால் வீதியிலும், படகுத்துறைகளிலும் அவை பட்டப்பகலில் கால் நீட்டித் தூங்குகின்றன. கூட்டம் சுற்றிக்கொண்டு போகிறது. கடை வாசல்களில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள்கூட நடையை மாற்றாமல் கடந்து போனார்கள். அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தேன். நாய்களின் காதுகளில் பிளாஸ்டிக் வில்லை தொங்குகிறது. பிடித்துப் போய், கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விட்டாயிற்று என்பதற்கு அது அடையாளம். 2004இல் துருக்கி கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் நகராட்சிகளின் கடமையாக்கியது. 2021இல் போஜி என்ற தெருநாய் படகிலும் மெட்ரோவிலும் டிராமிலும் தன்போக்கில் ஏறி இறங்கி ஊரையே கவர்ந்தது. நகராட்சி அதற்குத் தடம் காட்டும் கருவி பொருத்தி, ஒரு நாளில் 30 கிலோமீட்டர் வரை பயணம் செய்கிறது என்று கண்டறிந்தது.

அந்த ஊரின் கதை இதோடு முடிந்துவிடவில்லை. 1910இல் இதே நகரத்து நாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மர்மரா கடலில் தண்ணீரும் நிழலும் இல்லாத சிவ்ரியாதா என்ற பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டார்கள். பசியாலும் தாகத்தாலும் அவை செத்தன. ஊளைச் சத்தம் கரையில் இருந்தவர்களுக்குக் கேட்டதாம். அடுத்த சில ஆண்டுகளில் நிலநடுக்கமும் போரும் வந்தபோது, நாய்களுக்குச் செய்த பாவம்தான் காரணம் என்று மக்கள் பேசிக்கொண்டார்களாம். படகில் போகும்போது, சிவ்ரியாதாவும் அடங்கிய இளவரசர் தீவுகளைப் பார்க்க எல்லோரும் கேமராவை எடுத்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை.

2004ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பல நகராட்சிகள் அரைகுறையாகத்தான் நிறைவேற்றின என்பது அங்குள்ள விலங்கு நல அமைப்புகளின் குற்றச்சாட்டு. நாடு முழுவதும் தெருநாய்கள் 40 லட்சம் என்று அரசு கணக்குச் சொன்னது. குழந்தைகள் கடிபட்ட செய்திகள் வர வர மக்களின் கோபமும் ஏறியது. 2024 ஜூலை இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. நாய்களைத் தெருவிலிருந்து அப்புறப்படுத்திக் காப்பகங்களில் அடைக்க வேண்டும், தவறும் மேயர்களுக்குச் சிறை என்கிறது புதிய சட்டம். நான் பார்த்த காட்சி இன்னும் எத்தனை ஆண்டு இருக்குமோ என்ற கவலையோடுதான் விமானம் ஏறினேன்.

வீடு வந்து சேர்ந்தது நள்ளிரவில். ஆட்டோ தெருமுனையில் திரும்பியதுமே, நான் சோறு வைக்கும் தெருநாய் கருப்பியும் மற்றவையும் ஓடி வந்துவிட்டன. பெட்டிகளை முகர்ந்து, என் கையை நக்கி, அவை போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. அந்த மகிழ்ச்சிக்கு எதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விளக்கு எரிந்த அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிறது. கருப்பியின் வயிறு மறுபடி கனத்திருந்தது. போன ஈற்றுக் குட்டிகளில் மூன்று லாரியிலும் காரிலும் அடிபட்டுச் செத்தவை.

நம் நாட்டுச் சட்டமும் துருக்கியின் பழைய சட்டத்தைப் போன்றதுதான். கருத்தடை விதிகள் 2001இல் வந்து, 2023இல் புதுப்பிக்கப்பட்டன. சென்னை நகரம் இந்த விஷயத்தில் பின்தங்கியதே அல்ல. 1959இல் இங்கே தொடங்கிய புளூகிராஸ் அமைப்பு, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1960களிலேயே முன்வைத்தது. அப்படிப்பட்ட நகரத்தில் 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தெருநாய்கள் சுமார் 1,80,000. கருத்தடை ஆனவை நூற்றுக்கு முப்பதுகூட இல்லை. ரேபிஸ் பரவாமல் தடுக்க நூற்றுக்கு எழுபது நாய்களுக்காவது தடுப்பூசி போட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். தடுப்பூசியை விடாமல் போட்டதால்தான் கோவா 2021இல் ரேபிஸ் கட்டுப்பாட்டில் உள்ள மாநிலம் என அறிவிக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் முதலில் டெல்லி நாய்களை அடைக்கச் சொன்னது. பதினோரு நாள் கழித்து, ரேபிஸ் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த பின் அதே இடத்தில் விடலாம் என்று மாற்றியது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றிலிருந்து அகற்றச் சொன்னது. துருக்கியில் நடந்ததைக் கேட்டறிந்து வந்த எனக்கு, நாமும் அதே வழியில் போவதாகத்தான் தோன்றுகிறது. கடிபட்ட பிள்ளையின் தாயைப் பார்த்து ‘இரக்கம் இல்லாதவள்’ என்று சொல்லும் நாய்ப் பிரியர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது. அவளுடைய பயம் நியாயமானது. நோயின் அறிகுறி தெரிந்த பிறகு ரேபிஸுக்கு மருந்து இல்லை.

சோறு வைக்கும் நம்மால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வலையோடு வரும் ஆளைக் கண்டால் நாய் ஓடும். தினமும் சோறு வைப்பவர் கூப்பிட்டால் வரும். கருத்தடைக்குப் பிடிக்கும் நாளில் நாம் கூட நின்றால் ஒரு காலைப் பொழுதில் தெருவே முடிந்துவிடும். எந்த நாய்க்கு ஆயிற்று, எதற்கு ஆகவில்லை, எது குட்டி போடப் போகிறது என்பதும் நமக்குத்தான் தெரியும். பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் வீட்டு வாசல்களிலும் சோறு வைப்பதையும் விட்டுவிட வேண்டும். 2023 விதிகளே அதற்குத் தனி இடம் ஒதுக்கச் சொல்கின்றன.

ஒரு பகுதியில் நாய் பிடிப்பதற்கு முன் அங்கே அறிவிப்பு வைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. எங்கள் பகுதியில் அப்படி ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. எந்த வார்டில் எந்த நாள் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஆட்கள் வருகிறார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கி, மின்தடை அறிவிப்பை வெளியிடுவதுபோல் வாரந்தோறும் தங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன். எங்கள் வார்டின் தேதி வந்தால், கருப்பியோடு நானே முதல் ஆளாக நிற்பேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஆதம்பாக்கம், சென்னை.