பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். சம்பா கதிர் வாங்கிவிட்டது. கல்லணைக் கால்வாயில் இந்த வருஷம் கடைமடை வரைக்கும் தண்ணீர் வந்தது. சித்தப்பா வீட்டு மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

உன் உடம்பைப் பற்றிப் போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். சித்தப்பா மகன் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவான்.

ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தைக் காட்டாமல் பேசினாய். நெட் சரியில்லை என்றாய், சரி. பஃபலோவில் ஏரிப் பக்கமிருந்து பனி கொட்டுகிறது, மூன்று நாளாக ரோட்டை அடைத்திருக்கிறார்கள் என்றாய். அதில் ஒரு நாள் புதன்கிழமை. இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்தானே உனக்கு மருந்து ஏற்றுகிறார்கள்? மாப்பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவிக் கேட்டேன்.

அந்தக் கீமோ மருந்தின் பெயர் ஆக்ஸாலிபிளாட்டின் என்று காலண்டர் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். அது ஏறிய உடம்புக்குக் குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் ஷாக் அடித்த மாதிரி இருக்குமாம், குளிர்காற்று பட்டால் தொண்டை அடைக்குமாம். மார்கழிப் பனிக்கே தலையில் துண்டு கட்டிக்கொள்கிற ஆள் நீ. வாசல் பனியை நீ அள்ளாதே. கையுறை இல்லாமல் ஃப்ரிட்ஜைத் திறக்காதே. வெந்நீர் குடி. ராத்திரி காய்ச்சல் 100.4 தொட்டால் விடியட்டும் என்று படுத்திருக்காதே, அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. வெள்ளை அணு குறைந்திருக்கும்போது காய்ச்சலை விட்டுவைக்கக் கூடாது.

எட்டாவதோடு நின்றவன் உனக்குச் சொல்கிறேன் பார். கடைத்தெருவில் உன்னை விசாரித்தால் இன்றைக்கும் நெஞ்சை நிமிர்த்தித்தான் பதில் சொல்கிறேன். இருந்தாலும் பெற்றவனிடம் மறைக்கிற அளவுக்கு நீ பெரியவளாகிவிட்டாயா? சரி, விடு. கையுறை போடு.

மறைப்பதைப் பற்றிப் பேச எனக்கும் யோக்கியதை இல்லை. கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடிவதற்குள். திங்கட்கிழமை அம்மாவுக்குத் தஞ்சாவூரில் நாலாவது கீமோ. ரோடெல்லாம் மரம், கரண்ட் இல்லை, எப்படிப் போவது என்று உன்னிடம் சொன்னேன். புதன்கிழமையே மரத்தை அறுத்து வழி விட்டுவிட்டார்கள் பாப்பா. பஸ் ஓடியது. நான்தான் கூட்டிப்போகவில்லை. நிவாரணத்துக்காக விழுந்த தென்னையைக் கணக்கெடுக்க வரும்போது தோப்பில் நான் இல்லாவிட்டால் பெயர் விட்டுப்போகும் என்று காத்துக் கிடந்தேன். 62 மரம். மரத்துக்கு 1100 ரூபாய். "எனக்கு ஒண்ணுமில்லை, அடுத்த வாரம் பாத்துக்கலாம், நீங்க தோப்பைப் பாருங்க" என்றாள் உன் அம்மா. அந்த வார்த்தை எனக்குத் தோதாகப் போயிற்று. நாங்கள் போனபோது 17 நாள் தள்ளியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. சீட்டில் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார்.

அதனால்தான் அவள் போனாளா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உடம்பு எப்படி என்றதற்கு நீயும் "ஒண்ணுமில்லைப்பா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாய். அதற்கப்புறம் எனக்குத் தூக்கமில்லை.

ரோடு திறந்ததும் வேறு தேதி வாங்கினாயா? இல்லையென்றால் இதைப் படித்த கையோடு போன் போடு. அடுத்த தடவை பனி வரும் என்று டிவியில் சொன்னால் முன்னாலேயே ஆஸ்பத்திரியில் கேட்டு வை. அப்புறம் எனக்கு முகத்தைக் காட்டிப் பேசு. முடி கொட்டியிருந்தால் என்ன, அம்மா தலையைப் பார்க்காதவனா நான்?

கையுறை.

அப்பா