சுவருக்குள் போக வேண்டியது குழாய், ஒயர் அல்ல

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிவி ரசமட்டம் வைத்தது போல நேராக நிற்கிறது. அதன் அடியில்தான் நான்கு ஒயர்கள் அறுந்த கொடி மாதிரித் தொங்குகின்றன. சுவரை வெட்டி எல்லாவற்றையும் உள்ளே விட்டுப் பூசிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வெட்டலாம், பூசலாம். ஆனால் ஒயரை நேரடியாகச் சுவரில் வைத்துப் பூசாதே. சுவருக்குள் போக வேண்டியது குழாய். ஒயர் அதற்குள் வந்து போகிற விருந்தாளி. படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுவருகிற இன்றைய ஹெச்டிஎம்ஐ கேபிள் ஐந்து வருடம் கழித்துப் பழசாகும். அன்றைக்குச் சுவரை உடைக்காமல் உருவி எடுக்க முடிய வேண்டும்.

டிவியின் கரண்ட் ஒயருக்கு இந்தக் குழாயிலும் இடம் கிடையாது. பிளக்கோடு வருகிற அந்த மெல்லிய ஒயர் வெளியில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கிடப்பதற்காகச் செய்தது. சுவருக்குள் போட்டால் அதன் உறை எங்கே நசுங்கியது, எங்கே கீறியது என்று யாருக்கும் தெரியாது. நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிக்கிறவர் அதில் அடித்தால் அதோடு போயிற்று. பல நாடுகளின் மின்விதிகளும் இதை அனுமதிப்பதில்லை. அதனால் டிவிக்குப் பின்னாலேயே ஒரு சாக்கெட் வைக்கச் சொல். அதற்கு வரும் ஒயர் நிரந்தர வயரிங்குக்கான ஒயராக, தனிக் குழாயில், எர்த்தோடு வர வேண்டும். சுவிட்ச் மட்டும் கீழே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும், நீ தொடாதே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவர்க் குழிக்குள் ஒளித்து வைக்கிற யோசனை யாராவது சொன்னாலும் கேட்காதே.

சாக்கெட்டின் இடம்தான் பலரும் தவறு செய்கிற இடம். நடுவில் வைத்தால் டிவியைத் தாங்கும் இரும்புத் தட்டு அதன்மேல் வந்து உட்காரும். முதலில் டிவியின் பின்பக்கத்தை அளந்துகொள். ஸ்டாண்டின் திருகு ஓட்டைகள் 200 மி.மீ. இடைவெளியா, 400-ஆ, தட்டு எவ்வளவு அகலம், கரண்ட் ஒயர் எந்தப் பக்கம் நுழைகிறது, ஹெச்டிஎம்ஐ வாய்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறி. 55 அங்குலத் திரை ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். அந்தச் செவ்வகத்தைச் சுவரில் பெயின்ட்டரின் காகித டேப்பால் ஒட்டு, தட்டையும் வரை. மிச்சமிருக்கும் இடத்தில், வாய்கள் இருக்கும் பக்கமாக, டிவியின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, சாக்கெட்டும் கேபிள் வெளிவரும் வாயும் வரட்டும்.

சுவரோடு ஒட்டி நிற்கும் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்று செ.மீ. இடம்கூட இருக்காது. சாதாரண பிளக்கைச் சொருகினால் அதுவே நான்கு, ஐந்து செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். டிவி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். சாக்கெட் உள்வாங்கி உட்காருகிற ஆழமான பெட்டி வாங்கு, இல்லையென்றால் ஒயர் பக்கவாட்டில் போகும் சப்பை பிளக். ஹெச்டிஎம்ஐக்கும் இதே கதைதான். வாய் நேரே சுவரைப் பார்த்தால் எல் வடிவ அடாப்டர் வேண்டும். அதில் மேல்நோக்கி வளைவது, கீழ்நோக்கி வளைவது என்று இரண்டு வகை உண்டு. மாற்றி வாங்கினால் பக்கத்து வாயை மறைத்துக்கொண்டு நிற்கும்.

இனி சுவர். தட்டிப் பார். பொள்ளென்று சத்தம் வந்தால் ஜிப்சம் பலகை, வேலை சுலபம். மேலே ஒரு சதுரம், கீழே ஒரு சதுரம் அறுத்து, ஓரத்தில் பிரஷ் வைத்த மூடி போட்டு, நடுவில் குறுக்குச்சட்டம் இல்லையா என்று மட்டும் பார்த்து இறக்கிவிடலாம். செங்கல் சுவர் என்றால்தான் கணக்குப் போட வேண்டும். குழாய் பதிக்க வெட்டும் பள்ளத்தைக் காடி என்பார்கள். மேலிருந்து கீழே நிமிர்ந்து போகும் காடி, சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழம் போகக்கூடாது. கிடையாகப் போகும் காடி ஆறில் ஒரு பங்கு. கான்கிரீட் தூண், பீம் என்றால் உளியே வைக்காதே, கம்பி தெரியும் வரை வெட்டிவிட்டுப் பிறகு வருந்தி என்ன பயன்? ஏற்கனவே இருக்கும் சுவிட்ச், சாக்கெட்டுகளுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஒயர் ஓடிக்கொண்டிருக்கும் என்றே வைத்துக்கொள். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை என்றால் தண்ணீர்க் குழாயையும் நினைவில் வை. சுவருக்குள் ஒயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று கரண்ட் இருக்கும்போதே டிடெக்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மெயினை அணைத்த பிறகே வெட்ட வேண்டும்.

குழாயின் அளவு என்ன என்பதற்கு ஹெச்டிஎம்ஐ பிளக்கே பதில் சொல்லும். கேபிளின் கனத்தைப் பார்த்து ஏமாறாதே. கேபிள் 7, 8 மி.மீ.தான். நுனியில் இருக்கும் உலோக வாய் மட்டும் ஏறக்குறைய 14 மி.மீ. அகலம், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தலை 20 மி.மீ.யைத் தொடும். வயரிங்குக்குப் போடும் 25 மி.மீ. குழாயின் உள்வாய் 21, 22 மி.மீ.தான் இருக்கும். நேரான குழாயில் அந்தத் தலை எப்படியோ நுழைந்துவிடும், வளைவில் போய் முட்டி நிற்கும். முன்னே போகாது, பின்னேயும் வராது. முன்பே ஒரு கேபிள் உள்ளே கிடந்தால் நேரான இடத்திலும் நுழையாது. கனத்த சுவரில் 50 மி.மீ. பைப் போடு, அதற்கு இணை கிடையாது.

ஆனால் 10 செ.மீ. செங்கல் சுவரில் காடி 33 மி.மீ.க்கு மேல் போக முடியாதே. பூச்சின் கனம் ஒரு செ.மீ. சேர்த்தாலும் 50 மி.மீ. குழாய் வெளியே துருத்தும். 40 மி.மீ. குழாய்கூட மேலே மூடப் பூச்சு இல்லாமல் விரிசல் விடும். அங்கே 25 மி.மீ. குழாயே போட்டு, தலையைக் கழற்றி மாட்டுகிற ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிளை, அதாவது உள்ளே கண்ணாடி இழை வழியாக ஒளியில் சிக்னல் போகும் வகையை, வாங்கு. சின்ன நுனி குழாயில் ஓடிவிடும், பெரிய தலையை வெளியில் வந்தபின் மாட்டலாம். இல்லையென்றால் சுவரை விட்டுவிட்டுக் கேசிங்குக்கு, அதாவது சுவரின் மேல் பதிக்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டைக்குப் போ, அதைப் பிறகு சொல்கிறேன்.

குழாயில் எல்போ போட விடாதே. அகலமாக வளையும் பெண்டுதான் வேண்டும், அதுவும் மொத்தம் இரண்டுக்கு மேல் வேண்டாம். டிஷ் ஒயர் என்கிறோமே, அந்த ஆர்ஜி 6 கேபிளுக்கு வளைவின் ஆரம் ஏழு செ.மீ. இருந்தால் நல்லது. அதைவிட மடக்கினால் உள்ளே நடுக்கம்பி நகர்ந்து சிக்னல் குறையும். கரண்ட் குழாயும் இந்தக் குழாயும் ஒன்றுக்கொன்று ஐந்து செ.மீ.யாவது தள்ளி ஓடட்டும். எங்காவது குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். இரண்டையும் ஒரே குழாயில் விடும் பேச்சே வேண்டாம்.

காடியை உளியால் மட்டும் கொத்தினால் பக்கத்துப் பூச்சு பெயர்ந்து வரும். முதலில் டைமண்ட் பிளேடு போட்ட கட்டரால் இரண்டு இணை கோடு அறுத்துவிட்டு, நடுவில் இருப்பதைத்தான் உளி எடுக்க வேண்டும். தூசி வீடு முழுக்கப் பரவும், டிவியைக் கழற்றி வேறு அறையில் வைத்துவிடு. கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொள்ளச் சொல்.

குழாய் உட்கார்ந்ததும் பூசக் கூப்பிடாதே. முதலில் கேபிளை இழுத்துப் பார். குழாயில் நைலான் கயிறு விட்டு, கேபிளின் நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி உறையில் கயிற்றைக் கட்டி, அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைக் கூம்பாகச் சுற்று. தலையைப் பிடித்து இழுத்தால் உள்ளே பற்றவைத்தது விட்டுப்போகும். கேபிளோடு இன்னொரு கயிறையும் சேர்த்து இழுத்து உள்ளேயே விட்டுவிடு, அடுத்த கேபிளுக்கு உதவும். செலவோடு செலவாக இன்டர்நெட்டுக்கு ஒரு கேட் 6 ஒயரும் போட்டு வை. வைஃபை நன்றாகத்தான் இருக்கிறது என்பாய், இருக்கட்டும்.

சாதாரண செம்பு ஹெச்டிஎம்ஐ மூன்று மீட்டருக்குள் என்றால் கவலை இல்லை. 4கே படம் நொடிக்கு 60 ஃபிரேம் ஓட 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். 120 ஃபிரேம் விளையாட்டுப் பெட்டிக்கு 48 ஜிகாபிட், அதாவது அல்ட்ரா ஹை ஸ்பீட் என்று முத்திரை போட்டது. ஐந்து மீட்டரைத் தாண்டினால் ஆப்டிகல்தான் நம்பிக்கை. ஆப்டிகலுக்குத் திசை உண்டு. ஒரு தலையில் சோர்ஸ், மறு தலையில் டிஸ்ப்ளே என்று எழுதியிருக்கும். திருப்பிப் போட்டால் படம் வராது. சவுண்ட்பாருக்குப் போகும் கேபிளும் இதுவானால், டிவியின் ஒலியைச் சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும் இஏஆர்சி வசதியைத் தாங்குமா என்று பெட்டியிலேயே பார்த்து வாங்கு, எல்லாம் தாங்குவதில்லை.

பூசுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் மாட்டி, இருப்பதிலேயே கனமான படத்தை ஒரு மணி நேரம் ஓடவிடு. நடுநடுவே திரை ஒரு நொடி கறுத்துப் போனாலோ, வெள்ளைப் புள்ளிகள் மின்னினாலோ கேபிள் திணறுகிறது என்று அர்த்தம். டிவியைக் குறை சொல்லாதே. எல்லாம் சரியென்றால் அளவு நாடாவைச் சுவரில் பிடித்தபடி காடியைப் போட்டோ எடுத்து வை, பின்னால் எங்கே ஆணி அடிக்கலாம் என்று அதுதான் சொல்லும். பிறகு காடியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, குழாயின் மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கோழிவலை அடித்துப் பூசட்டும். வலை இல்லாமல் பூசினால் சில மாதத்தில் குழாய் போன வழியெல்லாம் கோடு போட்ட மாதிரி விரிசல் வரும். ஈரம் காய்வதற்குள் பட்டியும் பெயின்ட்டும் அடித்தால் உரிந்து வரும், இரண்டு வாரம் பொறு.

வாடகை வீடாக இருந்தாலோ, இத்தனை தூசி வேண்டாம் என்றாலோ, கேசிங்கே மேல். நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன், மூடியைத் திறந்து கேபிளை வைப்பதால் பிளக்கின் தலைக்குப் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு ஹெச்டிஎம்ஐ, ஒரு டிஷ் ஒயர், ஒரு கேட் 6 இருந்தால் 25க்கு 16 மி.மீ. கேசிங் பாதிதான் நிறையும், அப்படி இருப்பதுதான் சரி. நிறைத்தால் மூடி தெறித்துத் திறக்கும். சாக்கெட்டைப் பின்னால் வைக்க வழியே இல்லையென்றால், நடுவில் தடுப்பு உள்ள கேசிங் வாங்கி ஒரு பக்கத்தில் கரண்ட் ஒயரைத் தனியாக இறக்கு.

ஒட்டும் டேப்பை மட்டும் நம்பாதே. டேப் சுவரைப் பிடிப்பதில்லை, பெயின்ட்டைத்தான் பிடிக்கிறது. சுவரைக் கையால் தடவிப் பார், விரலில் மாவு மாதிரி ஒட்டினால் டேப் ஒரு வாரத்தில் கழன்றுவிடும். மேலும் கீழும் ஒரு திருகு, நடுவில் அரை மீட்டருக்கு ஒன்று. நடுவில் ஒட்டுப் போடாமல் ஒரே நீளமாக வெட்டி, தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போட்டு வை. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் அடித்து, சுவரின் அதே பெயின்ட்டை அடித்தால் நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. மூடியைத் தனியாக வைத்து அடி, சேர்த்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும்.

டிவிக்குப் பின்னால் கட்டுவதற்குப் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்காதே, வெல்க்ரோ பட்டை போதும். உன் ஸ்டாண்டு கை நீட்டித் திரும்புகிற வகை என்றால், அதை முழுக்க வெளியே இழுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகே ஒயரைக் கையோடு சேர்த்துக் கட்டு. மடக்கி வைத்து அளந்தால், முதல் முறை இழுக்கும்போதே ஹெச்டிஎம்ஐ வாய் பிய்ந்துவிடும். செட்டாப் பெட்டியை டிவிக்குப் பின்னால் ஒளித்தால் ரிமோட் வேலை செய்யாது, ரிமோட் சிக்னலை வாங்கிப் பெட்டிக்கு அனுப்பும் ஐஆர் கண் ஒன்றை டிவியின் அடி விளிம்பில் ஒட்ட வேண்டும். ஸ்ட்ரீமிங் குச்சியையும் நேரே சொருகாமல் கையளவு எக்ஸ்டென்டரில் போடு. டிவியின் சூட்டிலிருந்தும் தள்ளி நிற்கும், வைஃபையும் நன்றாகக் கிடைக்கும்.

சுவரின் கனம், ஸ்டாண்டின் மாடல், சாமான்கள் வைக்கும் அலமாரியிலிருந்து டிவி வரைக்கும் உள்ள தூரம், இந்த மூன்றையும் அளந்து அனுப்பு. டிவியின் பின்பக்கத்தை ஒரு போட்டோவும் எடு, வாய்களின் எழுத்து தெரிகிற மாதிரி. அதற்குள் கேபிள் எதுவும் வாங்கிவிடாதே.

அன்புடன்,
அம்மா