பாக்கெட்டில் போட்டிருக்கும் 'மக்கும்'

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல்லிவிடு. எனக்கு உடம்பு பரவாயில்லை, முழங்கால்தான் அவ்வப்போது படுத்துகிறது.

சலவைத்தூள் பாக்கெட்டில் 'மக்கும் தன்மை உடையது' என்று போட்டிருக்கிறார்களே, நிஜமா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் நிஜம்தான். ஆனால் எதுவரை மக்கும், எங்கே மக்கும் என்று கேட்காமல் நம்பிவிடாதே.

எங்கள் ஆய்வகத்தில் இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. கழிவுநீரில் மெத்திலீன் நீலச் சாயத்தைக் கலந்து, குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்குவோம். டிடர்ஜென்ட் இருந்தால் அது சாயத்தையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கும் குளோரோஃபார்முக்குள் இறங்கும், அடியில் நீலம் ஏறும். ஏறவில்லையா, டிடர்ஜென்ட் இல்லை என்று எழுதிவிடுவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி கிடையாது. டிடர்ஜென்ட் மூலக்கூறின் வாலை, அதாவது எண்ணெயில் ஒட்டும் கார்பன் சங்கிலியை, பாக்டீரியா கொஞ்சம் கடித்தாலே சாயத்தை இழுக்கும் சக்தி போய்விடும், நுரையும் அடங்கிவிடும், மிச்சத் துண்டு பாட்டுக்குத் தண்ணீரில் போய்க்கொண்டிருக்கும்.

1950களில் அந்த வாலைக் கடிப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்போது பரவலாக இருந்த சரக்கில் கார்பன் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். பாக்டீரியா நுனியில் ஆரம்பித்து இரண்டிரண்டு கார்பனாக வெட்டிக்கொண்டு வரும், கிளை குறுக்கே வந்தால் வேலை நின்றுபோகும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சுத்திகரிப்பு நிலையம், ஆறு எங்கு பார்த்தாலும் நுரை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டு 1964இல் அமலாக்கியது, அமெரிக்கக் கம்பெனிகள் 1965இல் தாங்களாகவே கிளையில்லாத நேர்ச்சங்கிலி உள்ள எல்ஏஎஸ் என்ற நுரைப்பொருளுக்கு மாறின. இன்றைக்கும் தூளில் அதிகம் இருப்பது அதுதான். சுத்திகரிப்பு நிலையத்தில் காற்றூட்டும் தொட்டியில் அதன் சங்கிலி குறுகி, அப்புறம் அதோடு ஒட்டியிருக்கும் பென்சீன் வளையமும் உடைந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், சல்ஃபேட் என்று முடிந்துவிடும்.

ஆக்சிஜன் இருந்தால்தான் இதெல்லாம். கழிவுநீரில் படியும் கசட்டோடு ஒட்டிக்கொண்டு காற்றே இல்லாத செரிப்புத் தொட்டிக்குள் போன எல்ஏஎஸ் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வருகிறது, ஒரு கிலோ காய்ந்த கசட்டில் சில கிராம்கூட இருக்கும். அதே கசட்டை மண்ணில் பரப்பினால் காற்றுப்பட்டுச் சில வாரங்களில் பெரும்பாலும் போய்விடும். வெறும் சோப்பு இந்த விஷயத்தில் சமர்த்து, காற்று இல்லாமலும் சிதையும்.

எனக்கு ஆகாதது நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்ற இன்னொரு வகை நுரைப்பொருள். பாக்டீரியா அதன் நீண்ட எத்தாக்சிலேட் சங்கிலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிவிட்டபின் மிஞ்சும் நோனைல்ஃபீனால், முதலில் ஊற்றிய சரக்கைவிட விஷம், லேசில் சிதையாது, மீன் உடம்பில் பெண் ஹார்மோன் மாதிரி வேலை செய்யும். பாதி சிதைந்தது முழுசாக இருந்ததைவிட மோசம், நீலச் சோதனையில் இது தெரியவும் தெரியாது! ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இதற்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த அவர்களுடைய டிடர்ஜென்ட் விதி, நுரை அடங்கியதோடு விடாமல், 28 நாளில் 60 சதவீதமாவது கார்பன் டை ஆக்சைடு வரை போக வேண்டும் என்கிறது. அதுதான் சரியான கேள்வி.

இன்னொன்று, அந்த 60 சதவீதக் கணக்கு நுரைக்கும் பொருளுக்கு மட்டும்தான். தூளில் பாஸ்பேட் இருந்தால் அது மக்குவது என்ற பேச்சே இல்லை, எந்த உருவத்தில் போனாலும் பாஸ்பரஸ் பாஸ்பரஸ்தான், போய்ச் சேரும் ஏரியில் பாசிக்குச் சாப்பாடு.

உன் வீட்டுத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகிறதா, சாக்கடைக்கா? டேங்க் என்றால் உள்ளே எல்ஏஎஸ் அவ்வளவாகச் சிதையாது, வெளியே வரும் தண்ணீர் மண்ணில் இறங்கும்போதுதான் வேலை நடக்கும், அந்த மண் காற்றோட்டமாக இருக்கிறதா என்று பார். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராகவன்