நிழல் மறைவது 12 மணிக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் போதும், “இன்று நிழலில்லா நாள், பகல் 12 மணிக்கு நிழல் மறையும்” என்ற செய்தி நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகிறது. சூரியன் நேர் தலைக்கு மேலே வருவதால், நிமிர்ந்து நிற்கும் பொருளின் நிழல் ஒரு கணம் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும் நாள் அது. அதைப் படித்துவிட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மைதானத்தில் குச்சியை நட்டுக் காத்திருக்கிறார்கள். 12 அடிக்கும்போது நிழல் அப்படியே கிடக்கிறது. செய்தி பொய் என்றோ, தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்றோ நினைத்துக் கலைந்துவிடுகிறார்கள். கோவையாக இருந்தால், அவர்கள் வகுப்புக்குத் திரும்பி இருபது நிமிடம் கழித்துத்தான் நிழல் மறையும்.

காரணம் கடிகாரத்தில் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. தமிழ்நாடு முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேற்கே இருப்பதால், சூரியன் நமக்கு உச்சிக்கு வருவது பிந்தித்தான். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்கு. சென்னை ஏறத்தாழ 80.3 டிகிரியில் இருப்பதால் 9 நிமிடமும், கோவை 77 டிகிரியில் இருப்பதால் 22 நிமிடமும் தாமதம். இதோடு இன்னொரு சிறு திருத்தம் உண்டு. பூமியின் பாதை நீள்வட்டமானது, அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் வருடம் முழுவதும் ஒரே சீராக உச்சிக்கு வருவதில்லை. இந்தத் திருத்தம் ஏப்ரல் நடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஏப்ரல் 24 வாக்கில் 2 நிமிடம் கழிக்க வேண்டும். ஆகஸ்ட் 18 வாக்கில் 4 நிமிடம் கூட்ட வேண்டும்.

ஆகவே சென்னையில் ஏப்ரல் 24 அல்லது 25-இல் நிழல் மறைவது 12:07-க்கு, ஆகஸ்ட் 18-இல் 12:13-க்கு. மதுரையில் ஏப்ரல் 15 அல்லது 16, நேரம் 12:17. மறுபடி ஆகஸ்ட் 27, 12:19. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, 12:21; பிறகு செப்டம்பர் 1, 12:20. லீப் வருடக் கணக்கால் தேதி ஒரு நாள் முன்பின் நகரலாம். வருடத்துக்கு இரண்டு முறை வருவது இது. ஏப்ரல் செய்தியோடு ஆகஸ்டை மறந்துவிடுகிறோம் என்பதும் ஒரு குறைதான்.

சில நிமிடத்துக்கு இத்தனை பேச்சா என்று கேட்கலாம். சூரியன் 4 நிமிடத்தில் 1 டிகிரி நகர்ந்துவிடுகிறது. தேதியால் அது வடக்கு தெற்காக நகர்வதோ இந்த மாதங்களில் நாளுக்கு மூன்றில் ஒரு டிகிரிதான். அதாவது 4 நிமிடம் தவறுவதும் மூன்று நாள் தவறுவதும் ஒன்றே. 30 சென்டிமீட்டர் குழாயை நிறுத்திக் கோவையில் சரியாக 12 மணிக்குப் பார்த்தால், நிழல் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். மாறாக, உரிய நாளில் மேகம் மறைத்துவிட்டால் மறுநாள் உரிய நிமிடத்தில் பார்த்தாலும் வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள்தான். கண்ணுக்கு அது தெரியாது. தேதியை விட நிமிடத்தைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்ணில் குத்திய குச்சி உதவாது. 1 டிகிரி சாய்ந்தாலே 30 சென்டிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர் பொய் நிழல் விழும். இரண்டு அங்குல பிவிசி குழாயில் ஒரு துண்டு போதும். ரம்பத்தால் கையால் அறுத்த முனை கோணலாக இருக்கும். கம்பெனியில் அறுத்து வந்த முனையைக் கீழே வையுங்கள். மேசை மேல் வெள்ளைத்தாள் விரித்து, கொத்தனாரின் ரசமட்டத்தை வடக்கு தெற்காக ஒரு முறை, கிழக்கு மேற்காக ஒரு முறை வைத்துச் சரிபாருங்கள். குழாய் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு (நூலில் கட்டித் தொங்கவிடும் குண்டு). உச்சி நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் முனையைப் புள்ளி வைத்துவந்தால், நிழல் மேற்கிலிருந்து சுருங்கி, மறைந்து, கிழக்கில் முளைப்பது தாளில் பதிந்துவிடும். அந்த நிமிடத்தில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் அடித்தாள் முழுக்க வெயில். எட்டிப் பார்ப்பது தாளைத்தான். எந்தக் காரணத்துக்காகவும் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.

டம்ளரைக் கவிழ்த்து வைத்துப் படம் எடுப்பது வேண்டாம். அடி அகன்று மேல் குறுகிய எந்தப் பொருளும் தன் நிழலைத் தன் மேலேயே வாங்கிக்கொள்ளும். உரிய நாள் அல்லாதபோதும் நிழல் இல்லாததுபோலத் தெரியும். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சு கிளம்பியதும் இப்படித்தான் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் அந்த நிழல் தாராளமாக விழுகிறது. அதை மறைத்துச் சொல்வதால் அந்தக் கட்டடக்கலைக்குப் பெருமை எதுவும் கூடிவிடாது.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஏப்ரல் நிழலில்லா நாளுக்கு முன்பு உச்சி நிழல் வடக்கே விழும். அதற்குப் பிறகு தெற்கே. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10 முதல் செப்டம்பர் 1 வரை உச்சிச் சூரியன் வடக்கு வானில்தான் நிற்கிறது. கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லியில் இந்தக் காட்சி எந்த நாளிலும் கிடையாது.

இதன் உண்மையான பயன் பூமியை அளப்பதில் இருக்கிறது. அலெக்சாண்டிரியாவில் பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் செய்த அதே வேலை. கன்னியாகுமரியும் பெங்களூரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் உள்ளன. ஏப்ரல் 10 அன்று கன்னியாகுமரியில் நிழல் மறையும் நேரத்தில், பெங்களூரில் 1 மீட்டர் கம்பின் நிழல் சுமார் 86 மில்லிமீட்டர். கோணம் 4.9 டிகிரி. இரு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 540 கிலோமீட்டர். 540-ஐ 360-ஆல் பெருக்கி 4.9-ஆல் வகுத்தால் 40,000-க்கு அருகில் வந்துவிடும். சாலைத் தூரத்தைப் போட்டால் பூமி பெருத்துவிடும். வரைபடத்தில் அளந்த நேர்கோட்டையே எடுக்க வேண்டும்.

இங்கே பிழை வருவது நிழலின் விளிம்பில். சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் 1 மீட்டர் கம்பின் நிழல் முனை 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கலாகிறது. 3 மில்லிமீட்டர் தவறாக வாசித்தால் பூமியின் சுற்றளவு 1,400 கிலோமீட்டர் தவறிவிடும். கம்பின் உச்சியில் 3 மில்லிமீட்டர் துளையிட்ட அட்டையைப் படுக்கையாக ஒட்டுங்கள். தரையில் சூரியனின் வட்டப் பிம்பம் விழும், அதன் மையத்தைக் குறிப்பது எளிது. துளையிலிருந்து தொங்கவிட்ட தூக்குக்குண்டு தரையைத் தொடும் இடத்திலிருந்து அளக்க வேண்டும், கம்பின் அடியிலிருந்து அல்ல.

இரு ஊர்ப் பள்ளிகள் தொலைபேசியில் பேசி ஏற்பாடு செய்ய ஒரு வாரமாவது வேண்டும். அன்று காலையில் வரும் செய்தி அதற்கு உதவாது. மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றுக்கும் தேதியும் நிமிடமும் கொண்ட ஒரு சிறு பட்டியலை ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு முறையும், ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் ஒரு முறையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும். “12 மணி” என்ற சொல் அதில் தனியாக வரவே வேண்டாம்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்கள்,
திண்டுக்கல்.